கஞ்சி போட்ட காஷ்மீர் கோட்

1

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய ஓவர்கோட் வந்து சேர்ந்தது. பெரிய காகிதப் பையில் மடித்து வைத்து, மிஸஸ் டாட்ஸின் தங்கை மகள் கொண்டுவந்து கொடுத்தார். மிஸஸ் டாட்ஸ், நான் இந்த லீட்ஸ் நகரத்துக்கு வந்த புதிதில் குடியிருந்த வீட்டுக்காரம்மா. போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். "பெரியம்மா இதை உங்களிடம்தான் சேர்க்கச் சொன்னார். காரணம் உங்களுக்குத் தெரியும் என்றார்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இங்கிருந்து எதை எழுதினாலும் மழை பெய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், பொய்யாகாது.

என் மனைவி ராஜேஸ்வரி எங்கள் திருத்தணிக்குப் பக்கத்து ஆர்.கே.பேட்டைக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து இத்தனை வருடத்தில் பனியில் வழுக்காமல் நடக்கக் கற்றுக்கொண்டாள், பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. பையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, டாட்ஸம்மா கோட்டா? செத்துப்போனவங்க துணிய அப்பிடியே எடுத்துகினு உள்ள வந்துட்டீங்களே. மொதல்ல வாசல்ல வைங்க. தோய்க்காம வீட்டுக்குள்ள வரக் கூடாது."

அதற்குள் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பெயர் வள்ளி. எங்கள் ஊர் மலைமேல் இருப்பவனுடைய மனைவியின் பெயரைத்தான் ஆசையாக வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அது 'வால்' ஆகிவிட்டது. பதினைந்து வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளிடம் மிச்சம் இருக்கிற சுத்தமான தமிழ், அம்மாவைப் போலவே இழுத்துச் சொல்லும் அந்த 'ஆங்' ஒன்றுதான். அவளும் அவளுடைய சிநேகிதிகளும் சனிக்கிழமைதோறும் பழைய துணிக் கடைகளில் ஏறி இறங்குவார்கள். யாரோ ஒரு கிழவர் போட்டுக் கழித்த கோட் என்றால் உயிரை விடுவார்கள். நாங்கள் எல்லாம் தீபாவளிக்குப் புதுத்துணி வருமா வராதா என்று ஏங்கிய ஆட்கள். இவர்களுக்குப் பழசு வேண்டுமாம்.

கோட்டை வெளியே இழுத்துத் தடவிப் பார்த்தவள், உள்பக்கத்துச் சீட்டைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, இது முழுக் காஷ்மீர் கம்பளி! இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தியது! இப்படி ஒன்று கிடைக்கவே கிடைக்காது தெரியுமா? எனக்குத்தானே?" என்று ஆங்கிலத்தில் கூவினாள். தோய்க்காமல் தொடாதே என்று அம்மாவும், தோய்த்தால் நாசமாகிவிடும் என்று மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, நான் நடுவில் கோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

"தோய்ப்பதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன். ஆனால் முழுக் கதையையும் கேட்ட பிறகுதான்" என்றேன். ராஜேஸ்வரிக்கு அதில் பாதி தெரியும். வள்ளிக்கு ஒன்றுமே தெரியாது. அவர்களுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கும் எழுதுகிறேன்.

2

அறுபதுகளின் கடைசியில், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்து இங்கே வந்தேன். திருத்தணியில் மலையடிவாரத்து நெசவாளர் தெருவில் பிறந்தவன். எங்களுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடும்போது விரல் லேசாக விறைக்குமே, அதுதான். அதை நம்பி ஒரே ஒரு ஸ்வெட்டருடன் விமானம் ஏறினேன். அந்த ஸ்வெட்டர் இந்த ஊர்க் குளிருக்கு, இடி மழைக்கு வாழையிலை பிடித்த கதைதான்.

வந்த மறு வருடம் நைனா இறந்துபோனார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தந்தி என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். கருமாதி அன்றைக்கு, எங்கள் வழக்கப்படி, நைனாவின் வேட்டி, சட்டை, மேல்துண்டு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் துணி வெளுக்கிற ஏகாலிக்குக் கொடுத்துவிட்டார்கள். இறந்தவர் உடம்பில் பட்ட துணி வீட்டில் இருக்கக் கூடாது. நான் இங்கே அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. யாரோ பக்கத்து ஊரில் யாருக்கோ ஆனதுபோல இருந்தது. அது ஏன் என்று எனக்கே பயமாக இருந்தது.

மிஸஸ் டாட்ஸ் என் மார்பு உயரம்கூட இருக்க மாட்டார். கணவர் ஹாரல்ட் ஆறடிக்கு மேல் வளர்ந்தவர், தையல் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தவர். நான் குடிவருவதற்குக் கொஞ்சம் முன்னால் இறந்திருந்தார். அவருடைய கோட் மட்டும் வாசல் நடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை முழங்கால் வரை பனி. நான் ஸ்வெட்டரோடு கதவைத் திறந்ததைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாள் ஆணியிலிருந்து கோட்டை எடுத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"போட்டுக்கொள் கண்ணு. சும்மாதானே தொங்குகிறது."

கண்ணு என்று நான் எழுதுவது, இந்த ஊரார் எல்லாரையும் 'லவ்' என்று கூப்பிடுவதை. முதல்முறை ஒரு பஸ் கண்டக்டர் அம்மாள் என்னை அப்படிக் கூப்பிட்டபோது நான் இரண்டு நாள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. பிறகுதான் அது எங்கள் ஊர்க் 'கண்ணு' என்று புரிந்தது.

இறந்தவர் துணி. ஊராக இருந்தால் கை நீட்டியிருக்க மாட்டேன். ஆனால் பனியைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன். அந்தக் குளிருக்கு முன்னால் தீட்டாவது ஒன்றாவது, வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

3

அதைப் போட்டுக்கொண்ட முதல் நிமிடத்தை எப்படிச் சொல்ல? தூக்கினால் கனமாக இருக்கும் என்று தோள்களைத் தயாராக வைத்திருந்தேன், கனமே இல்லை. திருவாலங்காட்டுப் பக்கத்து வெல்லத்தின் நிறம். கொம்பில் செய்த பொத்தான்கள். உள்ளே பட்டுபோல வழுக்கும் துணி. தொட்டால் விரல் அதற்குள் கொஞ்சம் இறங்கிவிட்டு வரும். மலை ஆட்டின் வயிற்றடி மயிரைச் சீவி எடுத்து நூற்பார்களாம். ஒரு கோட்டுக்கு ஒரு மந்தையே வேண்டுமாம். சண்டைக்கு முன்னால் ஹாரல்ட் வருடக்கணக்கில் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தைத்துக்கொண்டது. அந்தத் தரத்தில் இப்போது யாரும் நெய்வதில்லை என்றார் மிஸஸ் டாட்ஸ்.

எனக்கு அது தொளதொள. கை என் விரல் நுனி வரை வரும். ஆனாலும் அதைப் போட்ட பிறகு ஊரே மாறிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் அதுவரை என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்றவர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். கடைக்காரர் 'சார்' போட்டார். ஒருநாள் முன்பின் தெரியாத ஒரு முதியவர் வழிமறித்து, "தப்பாக நினைக்காதீர்கள், ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். தையற்காரராம். கைப்பகுதியைத் தடவிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் யார், எந்த நாட்டுக்காரன் என்று அவர் கேட்கவே இல்லை. இங்கே வந்து அப்படி ஒருவர் கேட்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

காலையில் நான் கிளம்பும்போது மிஸஸ் டாட்ஸ் வாசலுக்கு வருவார். குதிகாலை எம்பி, இரண்டு கையாலும் காலரை இழுத்துச் சரிசெய்வார். முகம் காலருக்குக் கிட்டே வந்து போகும். நான் ஊர்ப் பழக்கத்தில், 'போயிட்டு வரேன்' என்பதை அப்படியே அவர் மொழியில் சொல்லுவேன். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. முதலில் சிரித்தார். அப்புறம் நான் ஒருநாள் அவசரத்தில் மறந்து நடந்தபோது பின்னாலேயே வந்து, "நீ சொல்லவில்லையே" என்றார்.

மாலையில் கோட்டைக் கழற்றி வாங்குவதும் அவர்தான். நம்மேல் இவ்வளவு பாசமா என்று நான் மிதப்பில் இருந்தேன். ஒருநாள் பனியால் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டார்கள். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வாங்க மறந்த ரொட்டிக்காக வெளியே போய்த் திரும்பினேன். கதவு பாதி திறந்திருந்தது. அந்த அம்மாள் ஆணியில் தொங்கிய கோட்டுக்குள் முகத்தைப் புதைத்து நின்றுகொண்டிருந்தார். தோள் குலுங்கவில்லை, அழவில்லை. மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலரில் பைப் புகையிலையும் புதினா மிட்டாயும் கலந்த ஒரு வாசனை உண்டு. என்னுடையது அல்ல. ஹாரல்டுடையது.

நான் பின்வாங்கி, வெளிக்கேட்டைச் சத்தமாகத் திறந்து மூடி, இருமிக்கொண்டே உள்ளே வந்தேன். எனக்குக் குளிராமல் இருக்கட்டும் என்றுதான் கோட்டைக் கொடுத்தார், அது நிஜம். ஆனால் அந்தக் கோட் காலையில் வாசல் தாண்டிப் போய், மாலையில் திரும்பி வர வேண்டும் என்பதற்காகவும்தான் கொடுத்தார்.

4

எழுபதில் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினேன். நைனா போன பிறகு முதல் தடவை. "விமான நிலையம் போவதற்குள் குளிரில் செத்துப்போவாய், கோட்டைப் போட்டுக்கொண்டு போ" என்றார் மிஸஸ் டாட்ஸ். எனக்கும் உள்ளுக்குள் ஆசை. துணியிலேயே பிறந்து துணியிலேயே வாழ்கிற எங்கள் தெருக்காரர்கள் இந்தத் துணியை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். வாசலில் வழக்கம்போலக் காலரைச் சரிசெய்தார். "அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிடு கண்ணு. அப்படியே." நான் போயிட்டு வரேன் என்றேன்.

பம்பாயில் இறங்கியதும் சுங்க அதிகாரி கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மதராசுக்கு ஓவர்கோட்டா?"

"ஆமாம் சார்."

"விற்கிறதுக்கா?"

"இல்லை சார், அம்மாவிடம் காட்ட."

இந்தப் பதில் அவருடைய எந்த விதியிலும் இல்லை. இரண்டு மூன்று பேர் கூடிப் பேசினார்கள். கடைசியில் என் பாஸ்போர்ட்டிலேயே எழுதி முத்திரை குத்திவிட்டார்கள்: ஓவர்கோட் ஒன்று, கம்பளி, வெல்ல நிறம், பெரிய அளவு, திரும்பக் கொண்டுபோக வேண்டியது. ஆக, மிஸஸ் டாட்ஸிடம் வாய்வார்த்தை, இந்திய அரசாங்கத்திடம் எழுத்து. இரண்டு பேருக்கும் ஒரே வாக்குறுதி கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி, அந்தக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு தெருவில் நுழைந்ததும் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. எல்லாரும் வெளியே வந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். துணியைக் கண்டால் எங்களவர்களுக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு எத்திராஜு மாமா, "இன்னாடா இது, துணியா பூனைக்குட்டியா? இழையே கைக்கு மாட்டலியே!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா எல்லாருக்கும் கடைசியாகத் தொட்டாள். முகத்தில் ஒரு இரக்கம்.

"ரொம்பத் தொவண்டு கீதுடா. கஞ்சியே இல்ல. எத்தினி வருசமாப் போட்டுகினு கீறே?"

"அது அப்பிடித்தாம்மா இருக்கணும். அந்த மெதுவுக்குத்தான் அம்மாம் வெல."

"இன்னா மெதுவோ போ. புதுத்துணின்னா வெறப்பா நிக்கணும். இது கெழட்டுத் துணி மாதிரி தொங்குது. யாருகிட்ட வாங்கின?"

அம்மாவிடம் நான் பொய் சொல்லிப் பழகியதில்லை. வீட்டுக்காரம்மாவின் புருஷனுடையது, அவர் இறந்துவிட்டார் என்றேன். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள்.

5

மறுநாள் அரக்கோணத்தில் இருக்கும் அக்காவையும் அவள் கணவர் பாவாவையும் பார்க்கப் போனேன். பாவாவுக்கு ரயில்வேயில் வேலை. சாப்பாடு, பேச்சு என்று பொழுது போய், வெயில் தாழத்தான் வீடு திரும்பினேன்.

முற்றத்தில் யாரோ ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கைகளை லேசாக விரித்து, தலை இல்லாமல். கிட்டே போய்ப் பார்த்தேன். கோட். கொடியில் தொங்கவில்லை, ஆணியில் மாட்டவில்லை. தரையில் தானாக நின்றுகொண்டிருந்தது.

அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, சோடாவும் சவுக்காரமும் போட்டு ஊற வைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, பாவுக்குக் காய்ச்சுகிற அதே அரிசிக் கஞ்சியை வடிகட்டித் தோய்த்து, காயவைத்து, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து நிறுத்தியிருந்தாள் அம்மா. கோட் ஒரு முழம் குட்டையாகியிருந்தது. தோள் ஒடுங்கியிருந்தது. உள்துணி மட்டும் சுருங்காமல் பாவாடைபோலக் கீழே எட்டிப் பார்த்தது. விரல் வைத்தேன். இறங்கவில்லை. தட்டினால் பலகைபோல் சத்தம் வந்தது.

"இப்ப பாரு எப்பிடி நிக்குது!" அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. "பயப்படாதடா. தண்ணி மாத்தி மாத்தி அலசிட்டேன். தீட்டெல்லாம் போச்சி. இனிமே அது செத்துப்போனவரு கோட்டு இல்ல. புதுசு. உன்னுது."

உள்மடிப்பின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். புதுத்துணிக்கு வைப்பதுபோல ஒரு விரல் மஞ்சள். நைனா போன பிறகு அம்மா தன் கையால் மஞ்சள் தொடுவதில்லை. எத்திராஜு மாமா வீட்டு அத்தையைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

காலரை எடுத்து முகர்ந்தேன். சவுக்காரம், அரிசிக் கஞ்சி, கரிப்புகை. அவ்வளவுதான். 'அப்படியே' என்று அந்த அம்மாள் இரண்டு தடவை சொன்னது காதில் கேட்டது. கத்தலாம் என்று திரும்பினேன். அம்மாவின் உள்ளங்கை இரண்டும் வெந்நீரில் வெந்து சிவந்து கிடந்தன. கடல் தாண்டி இருக்கிற பிள்ளைமேல் எந்தத் தீட்டும் ஒட்டக் கூடாது என்று காலையிலிருந்து அடித்துத் துவைத்திருக்கிறாள். யாரிடம் போய்க் கத்துவது?

"நல்லா கீதும்மா" என்றேன்.

6

பம்பாயில் திரும்பவும் சுங்கம். பாஸ்போர்ட்டைப் பார்த்தவர், "பெரிய அளவு ஓவர்கோட் எங்கே?" என்றார். மேசைமேல் வைத்தேன். நின்றது.

"இது பையன் கோட். நீங்கள் கொண்டுவந்ததை விற்றுவிட்டு வேறு எதையோ காட்டுகிறீர்கள்."

"அதேதான் சார். என் அம்மா துவைத்துவிட்டார்."

அவர் தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் நரைத்த மீசைக்காரர். உள்ளே இருந்த சீட்டைப் படித்தார், கஞ்சியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். "எங்கள் அம்மாவும் இப்படித்தான். போய் வாருங்கள்." இந்திய அரசாங்கம் என்னை மன்னித்துவிட்டது. மிஸஸ் டாட்ஸ்தான் மிச்சம்.

விமானம் முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். கதவைத் திறந்தவரிடம் இரண்டு கைகளிலும் கோட்டை ஏந்தி நீட்டினேன். வாங்கினார். வழக்கம்போல முகத்தைக் காலருக்குக் கொண்டுபோனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"என் அம்மா துவைத்துவிட்டார்" என்றேன்.

"தெரிகிறது" என்றார். ஆணியில் மாட்டினார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த சில நாள் அந்த வீட்டில் தட்டுகளின் சத்தம்தான். ஸ்வெட்டரோடு பள்ளிக்கூடம் போனேன். போயிட்டு வரேன் என்றால் தலையை மட்டும் ஆட்டுவார். வாசலுக்கு வரவில்லை. வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லக் கீழே இறங்கினேன்.

நடையில் இருந்த கண்ணாடிக்கு முன்னால் மிஸஸ் டாட்ஸ் நின்றுகொண்டிருந்தார். மேலே அந்தக் கோட். கல்யாணத்துக்கு முன்னால் அவரும் தையற்கூடத்தில் பொத்தான் காஜா எடுத்தவர்தான். தொங்கின உள்துணியை வெட்டிச் சரியாகத் தைத்திருந்தார். கஞ்சியைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்திருந்தார். தோள் பொருந்தியிருந்தது. கை பொருந்தியிருந்தது. அளவெடுத்துத் தைத்ததுபோல முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது.

"அவர் இருந்தபோது இதை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கூடாரத்துக்குள் விழுந்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. பிறகு உள்மடிப்பைத் திருப்பினார். "இந்த மஞ்சள் என்ன? எவ்வளவு தேய்த்தும் போகவில்லை."

புதுத்துணி உடுத்தும்போது எங்கள் ஊரில் வைப்பது, போட்டுக்கொள்கிறவர் நன்றாக இருக்க வேண்டும் என்று வைப்பது என்றேன்.

"உனக்காக வைத்தது."

"ஆமாம்."

"நான் போட்டுக்கொள்ளலாமா?"

எங்கள் ஊரில் கணவனை இழந்தவளுக்கு யாரும் மஞ்சள் வைக்க மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா அன்றைக்கு அதைத் தன் விரலால் வைக்காததும் தெரியும்.

"போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன்.

ஹாரல்ட் போன பிறகு தெருமுனை ரொட்டிக்கடையைத் தாண்டாதவர், அன்றைக்கு அந்தக் கோட்டோடு என்னைக் கூட்டிக்கொண்டு பூங்கா வரை நடந்தார். கிளம்பும்போது காலியான ஆணியைப் பார்த்து, என் உடைந்த ஆங்கிலத்தை அப்படியே திருப்பிச் சொன்னார்: போயிட்டு வரேன்.

7

அடுத்த தடவை ஊருக்குப் போனது என் கல்யாணத்துக்கு. அம்மா முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோட் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வாசனை உட்பட. அவள் கை முறத்திலேயே நின்றுவிட்டது.

"அந்தம்மா புருசன் வாசனையயா நான் தோச்சி ஊத்தினேன்?"

"உனக்குத் தெரியாதேம்மா."

"நீ சொல்லியிருந்தா கைய வெச்சிருக்க மாட்டேன்டா, பாவி."

எழுந்து உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து வந்தாள். பிரித்தாள். நைனாவின் துண்டு. தறியில் உட்காரும்போது தோளில் கிடக்குமே, அதேதான். அழுக்கேறிப் பழுப்பாக இருந்தது.

"கருமாதி அன்னிக்கி அல்லாத்தையும் எடுத்து ஏகாலிக்குக் குடுத்தாங்க. இத மட்டும் நான் குடுக்கல. யாருக்கும் தெரியாது. இன்னும் தோய்க்கல."

தீட்டு போகத் தண்ணீரை மாற்றி மாற்றி அலசியவள் இவள்தான். அவளே என் கையில் கொடுத்தாள். முகத்தில் வைத்துக்கொண்டேன். வியர்வை, பீடி, கஞ்சி, தறிக்குப் போடுகிற எண்ணெய். நைனா. தந்தி வந்த அன்றைக்கு வராத அழுகை அத்தனையும் அந்த முற்றத்தில், கல் பொறுக்கின அரிசிக்கு நடுவில் வந்தது. அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. மறந்துடாத" என்றாள்.

திரும்பி வந்து சொன்னேன். மிஸஸ் டாட்ஸ் கேட்டுவிட்டு வெகுநேரம் தேநீரைக் கலக்கினார்.

"அந்த வாசனை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது கண்ணு. உனக்குத் தெரியாது. ஒருநாள் முகர்ந்தால் ஒன்றும் இருக்காது, அது எந்த நாள் போனது என்றே எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று தினமும் பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. எந்த நாள் போனது, யார் கையால் போனது, எதற்காகப் போனது, எல்லாம் தெரியும். ஒரு தாய் தன் பிள்ளைக்காகச் செய்தாள். அம்மாவிடம் சொல், அவரைவிட நல்ல கை அதற்குக் கிடைத்திருக்காது."

அம்மாவிடம் சொன்னேன். அவள் போய் இப்போது ஆறு வருடம் ஆகிறது. துண்டு என்ன ஆயிற்று என்று அக்காவிடம் கேட்டேன். அம்மாவோடேயே வைத்து அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்.

8

கதை முடிந்தபோது வெளியே மழை விட்டிருந்தது. பொய் இல்லை, நிஜமாகவே விட்டிருந்தது. வள்ளி கோட்டின் காலரை மூக்குக்குக் கொண்டுபோனாள். இத்தனை வருடம் அதைப் போட்டுக்கொண்டவரின் வாசனை அதில் இருந்தது: லாவெண்டர், இருமல் மாத்திரை, அந்த வீட்டுச் சமையலறை.

"இது மிஸஸ் டாட்ஸ்" என்றாள். சின்ன வயதில் அவர் மடியில் ஏறி விளையாடியவள்தானே. பிறகு உள்மடிப்பைத் திருப்பித் திருப்பித் தேடினாள். வெளுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு இருந்தது அந்த மஞ்சள். கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"ஆயா வெக்கச் சொன்னதா?"

பாட்டியைப் பற்றித் தமிழில் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

ராஜேஸ்வரி எழுந்து சமையலறைக்குள் போனாள். தண்ணீர் பிடிக்கத்தான் போகிறாள், வாளியோடுதான் வருவாள் என்று நினைத்து நான் வாயெடுத்தேன். சின்னக் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, தோய்க்கணும்னியே?" என்றேன், மகள் குரலில் அவளைச் சீண்டி.

"நீங்க சும்மா இருங்க. இதப் போயி யாராவது தோய்ப்பாங்களா?" என்றாள். "திருப்பிக் காட்டுடி, எந்த எடம்?"

வள்ளி காட்டினாள். ராஜேஸ்வரி பழைய மஞ்சளுக்குப் பக்கத்திலேயே ஒரு விரல் வைத்தாள். பிறகு மகளைத் திருப்பி நிறுத்திக் கோட்டைப் போட்டுவிட்டு, குதிகாலை எம்பி, இரண்டு கையாலும் காலரை இழுத்துச் சரிசெய்தாள். வள்ளி இப்போது அம்மாவைவிட உயரம்.

கதவைத் திறந்து படியில் இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். "போயிட்டு வரேன்" என்றாள்.

"ஆங்" என்றாள் ராஜேஸ்வரி.